புத்தர் யார் சொத்து?

நம் மன்றத்தார் ஆண்டுதோறும் ஆக்ராவுக்குப் போகிறோம். விடியுமுன் எழுந்து, பேருந்தில் ஏறி, பாதி வழி பாட்டும் மீதி வழி உறக்கமுமாகப் போய்ச் சேர்ந்து, தாஜ்மகாலின் முன்னே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நான் டில்லிக்கு வந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை போய் வந்துவிட்டேன். குறை கூறவில்லை. ஷாஜகான் கட்டியது அழகுதான். திரும்பும்போது வாங்கிவரும் பேட்டா மிட்டாயும் சுவையானதுதான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். நம் விடுதியிலிருந்து மெட்ரோ ரயிலில் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஓரிடத்தில், கீழ்த்திசை நாடுகள் பலவும் தலைவணங்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

சென்ற பருவத்தில் ஓர் இரவு விடுதிச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். ஒன்பது பேர் அமர்ந்திருந்தோம். ஒருவரும் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“புத்தருடைய எலும்பா? அது கண்டியில் அல்லவா இருக்கிறது?” என்றார் ஒருவர்.

“கண்டியில் இருப்பது பல். எலும்பு இங்கே, ஜன்பத் சாலையில்” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐவர் புறப்பட்டோம். மதுரை நண்பர் ஒருவர், நாகைப் பக்கத்து நண்பர் ஒருவர், சட்டம் பயிலும் தோழியார் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முதுகலை பயிலும் நண்பர் ஒருவர், நான். மத்தியச் செயலக நிலையத்தில் இறங்கி நடந்தோம். தேசியப் பொருட்காட்சிச் சாலையின் வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கப் போனபோது, நான்கு சீட்டு போதும் என்றார் யாழ்ப்பாண நண்பர்.

“நான் உள்ளுக்கு வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை நிக்கிறன்.”

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதைப் பின்னே சொல்கிறேன்.

உள்ளே புத்தர் கலைக்கூடத்தில், பொன்முலாம் பூசிய மரமண்டபம் ஒன்று நிற்கிறது. தாய்லாந்து நாட்டார் அன்பளிப்பாகத் தந்தது. அதற்குள்ளே, கண்ணாடிக்கு அப்பால், சிறுசிறு எலும்புத் துண்டுகள். எதிர்பார்ப்போடு போனவனுக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். ஒளி வீசவில்லை; அதிசயம் எதுவும் நிகழவில்லை. காலத்தால் பழுத்துப் போன எலும்பு; அவ்வளவே. ஆனால் எங்களுக்கு முன்னே வெளிநாட்டார் சிலர் தரையில் மண்டியிட்டிருந்தனர். அவர்கள் நடுவே ஒரு மூதாட்டி நெற்றியைத் தரையில் பதித்தவர் நெடுநேரம் நிமிரவேயில்லை. அவருக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்று கலகலவென்று போய்க்கொண்டிருந்தது. காவலர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்.

செருப்பைக் கழற்றுவதா வேண்டாவா என்று எங்களுக்குள் ஐயம் வந்தது. கழற்றச் சொல்லி எவரும் சொல்லவில்லை. கழற்ற வேண்டா என்றும் சொல்லவில்லை. தோழியார் கழற்றினார். மதுரை நண்பர் கழற்றவில்லை. நான் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை யோசித்துக்கொண்டு நின்றேன். இதுதான் அன்று என் நிலை.

“கோயில் என்றால் கோயிலாக இருக்க வேண்டும், காட்சிச்சாலை என்றால் காட்சிச்சாலையாக இருக்க வேண்டும். இது இரண்டுங்கெட்டானாக அல்லவா இருக்கிறது!” என்றார் மதுரை நண்பர்.

அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் அந்த எலும்புகளின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். உத்தரப் பிரதேசத்தில் நேபாள எல்லையை ஒட்டி, லும்பினிக்குத் தெற்கே, பிப்ரவா என்றொரு சிற்றூர். அங்கிருந்த மண்மேட்டை 1898 சனவரியில் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்ற ஆங்கிலப் பண்ணையார் அகழ்ந்தார். மேட்டுக்குள் செங்கல் தூபி; தூபிக்குள் பெரிய கல்பெட்டி; பெட்டிக்குள் மாக்கல் கலங்களும் ஒரு படிகக் கலமும்; அவற்றோடு எலும்பும் நூற்றுக்கணக்கான மணிகளும் பொற்பூக்களும். ஒரு கலத்தின் மூடியில் பிராமி எழுத்து. சாக்கியர் குலத்துப் புத்தபிரானின் உடற்சின்னங்கள் என்று அது கூறியது. அன்றைய அரசாங்கம் அந்த எலும்புகளைச் சயாம் மன்னருக்கு அளித்தது. அவர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பகிர்ந்து கொடுத்தார்.

பின்னர் 1970-களில், தொல்லியல் துறையின் கே. எம். ஸ்ரீவாஸ்தவா அதே தூபியை இன்னும் ஆழமாகத் தோண்டினார். பெப்பே நிறுத்திய இடத்துக்குக் கீழே, அதனினும் பழைய செங்கல் அறைகளில், இரண்டு மாக்கல் பேழைகள் கிடைத்தன. ஒன்றில் 12 எலும்புத் துண்டுகள், மற்றொன்றில் 10; ஆக 22. டில்லியில் நாம் காண்பவை இவற்றைச் சேர்ந்தவையே. சாக்கியர் தலைநகராகிய கபிலவத்து இந்தப் பிப்ரவாதானா, அல்லது நேபாளத்துத் திலௌராகோட்டா என்பதில் அறிஞர்க்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.

1898-இல் கிடைத்த மணிகளில் ஒரு பங்கு பெப்பேயின் குடும்பத்திடமே தங்கியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2025 மே மாதம், அவை ஆங்காங்கில் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசு எதிர்த்தது, பௌத்த உலகம் எதிர்த்தது, ஏலம் நின்றது. அந்த ஆண்டு சூலை இறுதியில் அவை இந்தியா வந்து சேர்ந்தன. எலும்போடு வைத்துப் புதைத்த மணியும் அந்த எலும்பைப் போலவே புனிதமா, அல்லது விலை பேசத்தக்க அணிகலனா என்று உலகமே கேட்ட கேள்வி அது. புத்தர் யார் சொத்து என்ற வழக்குத்தான் அது, வேறு வடிவில்.

இந்த வழக்கு புதிதன்று. புத்தர் குசிநகரில் கண்மூடியவுடனேயே தொடங்கியது. பாலி நூல்கள் கூறும் கதை இது. மல்லர்கள் எலும்பைத் தர மறுத்தனர். மகத மன்னன் உள்ளிட்ட எழுவர் பங்கு கேட்டு வந்தனர். அன்பே உருவான ஒருவரின் சாம்பல் ஆறுமுன் அந்தச் சாம்பலுக்காகப் போர் மூளும் நிலை! துரோணன் என்ற பார்ப்பனர் ஒருவர் நடுவே புகுந்தார். பொறுமை போதித்தவரின் எலும்புக்காக இரத்தம் சிந்துவது தகுமா என்று கேட்டு, எட்டுப் பங்காகப் பிரித்துக் கொடுத்தார். தமக்கென அவர் கேட்டது, அளந்து கொடுத்த வெறும் பாத்திரம் மட்டுமே.

இப்போது மதுரை நண்பருக்கு விடை கூறுகிறேன். பொருட்காட்சிச் சாலை இரண்டுங்கெட்டான்தான். ஆனால் அதுவே அதன் சிறப்பு. துரோணன் செய்த வேலையை இன்று அது செய்கிறது. யாருக்கும் உரியதன்று, ஆகவே யாவர்க்கும் உரியது. உன் சாதி என்ன, சமயம் என்ன, ஆணா பெண்ணா, விலகி நில் என்று கேட்கும் வாயிற்காப்போன் அங்கே இல்லை. மூதாட்டி மண்டியிடலாம், பள்ளிப் பிள்ளை வேடிக்கை பார்க்கலாம், நம் மதுரை நண்பர் காலணியோடு நின்று வாதிடலாம். ஊரில் நம்மில் எத்தனை பேருடைய பாட்டன்மார் கோயில் வாசலோடு நின்று திரும்பியவர்கள்! அதை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டுங்கெட்டான் இடத்தின் அருமை விளங்கும்.

இரண்டாவது வினாவை எழுப்பியவர் நாகை நண்பர். “எல்லாம் சரி. தமிழனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம பக்கம் இப்ப பௌத்தர் யாரு இருக்கா?”

இதைக் கேட்டவர் நாகப்பட்டினத்துக்காரர் என்பதுதான் வேடிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே கடாரத்து ஸ்ரீவிசய மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் எடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராசராச சோழன், அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகத் தந்தான். அந்தச் செய்தியைக் கூறும் செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்து நாட்டு லெய்டனுக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்ட மன்னன் புத்தனுக்கு ஊர் கொடுத்தான்! அதனால் அவன் சைவம் குறைந்துவிடவில்லை.

நாகையில் பழைய செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதை அழைத்தனர். கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். 1867-இல், அன்றைய அரசின் இசைவோடு, பாதிரிமார் அதை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1856 தொடங்கி அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூரில் காணலாம். நாகை நண்பர் நாள்தோறும் மிதித்து நடந்த மண் அது. அவருக்குத் தெரியவில்லை. குற்றம் அவருடையதன்று, நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இன்னொன்றும் கேளுங்கள். பிப்ரவாவில் தூபி திறந்த அதே 1898-ஆம் ஆண்டில் தமிழகத்தில் இரண்டு செயல்கள் நடந்தன. ஒன்று, உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார். பௌத்த நெறியின் கலைச்சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். சைவர் ஒருவர் வைணவர் ஒருவரிடம் கேட்டுத் தமிழருடைய பௌத்தக் காப்பியத்தை மீட்டார்! மற்றொன்று, அயோத்திதாச பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்கள் பழைய பௌத்தரே என்பது அவர் கொள்கை. அதை எல்லா வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. ஆனால் தாழ்ந்து கிட என்று சொன்ன சமுதாயத்துக்கு, நான் தாழ்ந்தவன் அல்லேன் என்று சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் புத்தர் என்பது.

ஒரே ஆண்டில் எலும்பு மண்ணிலிருந்து வந்தது. நூல் ஓலையிலிருந்து வந்தது. மக்களுள் ஒரு பகுதியினர் இழிவிலிருந்து எழுந்தனர். முதலாவதைக் காண உலகம் டில்லிக்கு வருகிறது. மற்ற இரண்டும் நம் வீட்டுச் செய்திகள். இனி ஒருவர் தமிழனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரா?

மூன்றாவது வினாதான் கடினம். அதை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றவர் கேட்ட வினா அது.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பிய பின், யாழ்ப்பாண நண்பரும் நானும் வழக்கம்போல ரிட்ஜ் மேட்டுக்கு நடந்தோம். இந்துராவ் மருத்துவமனைக்கு அருகில், கம்பி வேலிக்குள், ஓர் அசோகர் தூண் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் நின்றிருக்க மாட்டீர்கள். மீரட்டிலிருந்து பிரோசு ஷா துக்ளக் கொண்டுவந்த தூண். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததில் ஐந்து துண்டாக உடைந்து விழுந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஆங்கில அரசு மீண்டும் நிறுத்திய ஆண்டு அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது: 1867. நாகைக் கோபுரம் இடிந்த அதே ஆண்டு! ஒரே ஆட்சி, வடக்கே ஒட்ட வைத்தது, தெற்கே இடிக்க விட்டது. டில்லியில் இருந்ததற்குக் கேட்பார் இருந்தனர். நாகையில் இருந்ததற்குக் கேட்பார் இல்லை. நமக்கு உரியது என்று நாம் எண்ணாத ஒன்றுக்கு வேறு யார் காவல் நிற்பார்?

அந்தத் தூணடியில் அமர்ந்து நண்பரிடம் கேட்டேன்: “ஏன் உள்ளே வரவில்லை?”

அவர் உடனே விடை கூறவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

“வாசல் மட்டும் வரேக்கை உள்ளுக்கும் போகலாம் எண்டுதான் நினைச்சன். ஏலாமல் போட்டுது. எங்கட காணியிலை சண்டைக் காலத்திலை எங்களை எழுப்பிப் போட்டாங்கள். சண்டை முடிஞ்சு பாத்தால், அதிலை ஒரு விகாரை. அப்பா இண்டைக்கும் வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்திட்டு வாறவர். எனக்குப் புத்தர் எண்டால் அந்த வேலிதான்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“இன்னும் ஒண்டு. 2012-ஆம் ஆண்டு இந்த எலும்பைத்தான் டில்லியிலை இருந்து இலங்கைக்குக் கொண்டு போனவை. அரச மரியாதை. லட்சக்கணக்கிலை சனம் வரிசையிலை நிண்டது. நான் அப்ப சின்னப் பிள்ளை, டிவியிலை பாத்தனான். அதுக்கு மூண்டு வருசம் முன்னம் எங்கட சித்தப்பாவைக் காணேல்லை. இண்டைக்கும் காணேல்லை. போன வருசம் செம்மணியிலை கிண்டக் கிண்ட எலும்பு. 200-க்கு மேலை. சின்னப் பிள்ளையளின்ரையும் கிடந்தது. பள்ளிக்கூடப் பையும் கிடந்தது. அதுகளுக்கு ஆர் பொன்மண்டபம் கட்டினது? எனக்கு எலும்பைப் பாத்தால் கும்பிட வராது. ஆற்றை எண்டு கேக்கத்தான் வரும்.”

நண்பர்களே, இதற்கு விடை கூறும் உரிமை எனக்கு இல்லை. நான் இழந்தது எதுவும் இல்லை. அவர் இழப்பைக் கேட்டு, உடனே ஒரு நீதிக்கதை எடுத்துச் சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. அன்று அவரோடு மௌனமாகத் திரும்பினேன். ஆனால் அதற்குப் பின் பல நாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை அவரிடமும் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்கத் தக்க இடம் எது? அந்த எலும்பின் முன்னிலைதான் என்பது என் கருத்து.

பிப்ரவா எலும்பை எலும்பு என்று உலகம் வணங்கவில்லை. கலத்தில் பெயர் எழுதி, உறவினர் கண்ணீரோடு புதைத்த எலும்பு அது. உயிர் நீத்தவரைச் சுற்றத்தார் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்ற மனித அறமே அந்தத் தூபியாக எழுந்து நின்றது. ஆகவே அதன் முன்னே தலைவணங்கும் அரசு எதுவாயினும், இலங்கை அரசாயினும் இந்திய அரசாயினும், தான் அறியாமலே ஓர் உறுதிமொழி கொடுக்கிறது. இந்த எலும்புக்குத் தரும் மரியாதையை எந்தத் தாயின் பிள்ளையின் எலும்புக்கும் தருவேன் என்பதே அந்த உறுதிமொழி. அதை நிறைவேற்றாத கை எத்தனை மலர் தூவினாலும் அது வழிபாடு ஆகாது. செம்மணியில் கிடப்பவர்க்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுக்காத வரையில் பிப்ரவாவுக்குச் செய்யும் சிறப்பு குறையுடையதே.

இதை யார் பெயரால் கேட்பது? புத்தர் பெயரால்தான் கேட்க முடியும். இங்கேதான் நண்பரோடு நான் மாறுபடுகிறேன். வேலி போட்டவர் புத்தரையும் வேலிக்குள் வைத்துவிட்டார். அது உண்மை. அதற்காக நாமும், அவர் உங்களுடையவர்தான், வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டால், வேலியை ஒப்புக்கொண்டவர் ஆகிறோம். அவர்களைக் கேள்வி கேட்க நமக்கிருக்கும் மிகப் பெரிய சாட்சியை அவர்கள் பக்கமே அனுப்பிவிடுகிறோம்.

அந்தச் சாட்சி என்ன சொல்வார்? பௌத்தத்தைப் பாரெங்கும் பரப்பிய அசோகரே தம் பாறைக் கல்வெட்டு ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: தன் சமயத்தை உயர்த்துவதாக எண்ணிப் பிறர் சமயத்தைத் தாழ்த்துபவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது அதன் கருத்து. அதே அசோகர் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் தாமிரபரணியாகிய இலங்கையும் அண்டை நாடுகளாக ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றனர். மணிமேகலை என்ன செய்தாள்? அட்சய பாத்திரத்தைக் கையில் பெற்றவள், பசித்தவர்க்குச் சோறிட்டாள். அரசனிடம் கேட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். தமிழ்ப் பௌத்தம் அரசனிடம் கேட்ட வரம் அது ஒன்றுதான்: சிறையைத் திற. காணி பிடிக்கும் பௌத்தத்தை அளக்க நம்மிடம் இதனினும் நல்ல அளவுகோல் வேறு உண்டா?

கண்டி தலதா மாளிகையையும் எண்ணிப் பாருங்கள். பல் இருக்கும் அந்தக் கோயிலைப் பேணிய கடைசி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர்கள். 1753-இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போன துறவற மரபை மீண்டும் தழைக்கச் செய்தவர் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். மாளிகையின் முகப்பில் இன்று எல்லோரும் படம் எடுக்கும் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, 1815-இல் முடியிழந்து, 1832-இல் வேலூரில் கைதியாக மாண்டவர். சிங்களப் பௌத்தத்தின் மணிமுடியைத் தென்னாட்டார் சுமந்த காலம் அது. மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும்: 1998 சனவரி 25 அன்று அந்த மாளிகையின் வாசலில் விடுதலைப் புலிகள் வைத்த குண்டு வெடித்தது, வழிபட வந்தவர் உயிர்களும் போயின. வேலி ஒருவர் போட்டார் என்றால், குண்டு ஒருவர் போட்டார். இரண்டிலும் புத்தர் இல்லை.

புத்தரைப் பறிகொடுத்தவர் எப்படி மீட்பது என்பதற்கு வழிகாட்டி நம் பல்கலைக் கழகத்துக்கு அருகிலேயே இருக்கிறார். அலிப்பூர் சாலை, 26-ஆம் எண். அந்த வீட்டில்தான் 1956 திசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். அதற்கு முன்னே, அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தர் வரலாற்றைத் தம் நோக்கில் அவர் எழுதிய பெருநூல், மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்தது. புத்தரைத் திருமாலின் அவதாரம் என்று சொல்லி வேறொருவர் உள்ளே வைத்துக்கொண்டபோது, அம்பேத்கர், சரி வைத்துக்கொள் என்று விலகிப் போகவில்லை. அவர் என் வழிகாட்டி, உன் அவதாரம் அல்லர் என்று உரிமை கேட்டு வெளியே அழைத்து வந்தார். இழிவுபட்டவர் கையில் புத்தர் படைக்கலமானார். அந்த வீடு இருந்த இடத்தில் 2018 முதல் நினைவகம் திறந்திருக்கிறது. நம்மில் அங்கே போனவர் எத்தனை பேர்?

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு ஆக்ராவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு இன்னொரு நாளும் ஒதுக்குங்கள். காலையில் ரிட்ஜ் மேட்டுத் தூண், நடந்தே போகலாம். அடுத்து அலிப்பூர் சாலை. பிற்பகல் ஜன்பத். திங்கட்கிழமை காட்சிச்சாலைக்கு விடுமுறை, ஞாயிறே நல்லது. அந்த எலும்புகள் சில வேளை வெளிநாடு போவதுண்டு. 2022-இல் மங்கோலியாவுக்கும் 2024-இல் தாய்லாந்துக்கும் போயின. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நலம். வாடகைப் பேருந்து வேண்டா. மெட்ரோ கட்டணமும் தேநீர்க் காசும் போதும். போகுமுன் ஒரு மாலை கூடி மணிமேகலையில் சிறைக்கோட்டக் காதையைப் படிப்போம். தமிழ்த் துறை நண்பர்கள் பொருள் சொல்லட்டும்.

பொன்மண்டபத்தின் முன்னே கும்பிட விரும்புபவர் கும்பிடலாம். விரும்பாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். கேள்வி கேட்க விரும்புபவர் கேட்கலாம். அந்த எலும்புக்கு உரியவர் வாழ்ந்த நாளில் எவரையும் கும்பிடு என்று கட்டாயப்படுத்தியவர் அல்லர். கேள் என்றே சொன்னவர்.

இந்தத் திட்டத்தை எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் யாழ்ப்பாண நண்பரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். ஓரிடத்தில் அவருடைய பேச்சைத் தவறாக எழுதியிருந்தேன், திருத்திக் கொடுத்தார். பிறகு தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“தூணடிக்கு வாறன். அலிப்பூர் வீதிக்கும் வாறன். ஜன்பத்திலை எனக்கும் ஒரு சீட்டு எடுங்கோ. உள்ளுக்கு வாறதோ இல்லையோ எண்டதை அண்டைக்குப் பாப்பம்.”

சீட்டு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுள் எத்தனை பேருக்கு எடுப்பது?